கட்டிலுக்கு அடியில் கிடந்த கிட்டார்: வாங்கும் முன்பும் பழுது பார்க்கும் முன்பும்

களியக்காவிளை, மார்த்தாண்டம், கருங்கல் வட்டாரத்தில் முதல் கிட்டார் தேடுகிறவருக்கு இரண்டு வழி உண்டு. நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ பஸ் ஏறிப் போய்க் கடையில் புதிதாக எடுக்கலாம். இல்லையென்றால், கல்ஃபில் வேலை பார்த்த யாராவது கொண்டுவந்து, கொஞ்ச நாள் தட்டிப் பார்த்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்த கிட்டாரை விலை பேசலாம். சர்ச் கொயரில் வாசிக்கிற பையன்கள் பலர் கையில் இருப்பது இந்த இரண்டாவது வகைதான். அதில் யோகமும் உண்டு, ஏமாற்றமும் உண்டு.

இரண்டுக்கும் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். மார்ட்டின், டெய்லர் போன்ற கம்பெனிகள் தங்கள் கிட்டாரை 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் வைக்கச் சொல்கின்றன. நமக்கோ தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. குளச்சல் பக்கம் உப்புக்காற்று வேறு. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டில் ஆனி, ஆடியில் துவைத்த துணியே காயாது. அந்த ஈரத்தைக் குடித்து மரம் உப்பும், தந்தி மேலே ஏறும், அழுத்தினால் விரல் வலிக்கும். உடனே "கிட்டார் கெட்டுப்போச்சு" என்று பேர் வந்துவிடும். விற்கிறவரும் அப்படித்தான் நினைப்பார், வாங்குகிறவரும் அப்படித்தான் நினைப்பார். இது பழுதா, வெறும் ஈரமா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் பேரம் படியும்.

எதை வாங்குவது

"இம்போர்ட்டட்" என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். கடையில் புதிதாகக் கிடைக்கும் யமஹா எஃப்310 இந்தோனேசியாவில் செய்தது. எஃப்ஜி800 சீனாவில் செய்தது. கோர்ட் கொரியக் கம்பெனி, ஆனால் கிட்டார்கள் பெரும்பாலும் வருவது இந்தோனேசியத் தொழிற்சாலையிலிருந்து. டெய்லரின் 100, 200 வரிசைகள்கூட அமெரிக்காவில் செய்யப்படுவதில்லை. மெக்சிகோவின் டெகாட்டே நகரத்திலிருந்து வருகின்றன. துபாயில் வாங்கியதாலேயே ஒரு கிட்டார் உசத்தியாகிவிடாது. உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் மாடல் பெயரும் செய்த நாடும் இருக்கும், அதைப் படித்தால் போதும்.

அதைவிட முக்கியம் மேல்பலகை. ஒரே மரத்தில் அறுத்த சாலிட் ஸ்ப்ரூஸ் பலகையா, பிளைவுட்போல அடுக்கி ஒட்டிய லாமினேட்டா? மேல்பலகையில் இருக்கும் வட்டத் துளையின், அதாவது சவுண்ட் ஹோலின், விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே தெரியும் மர ரேகைகள் விளிம்பில் அப்படியே இறங்கி உள்பக்கமும் தொடர்ந்தால் சாலிட். விளிம்பில் இரண்டு மூன்று அடுக்காகக் கோடு தெரிந்தால் லாமினேட். சில கிட்டாரில் விளிம்புக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள். அப்போது மாடல் பெயரை வைத்துத் தேடிப் பார்ப்பதுதான் வழி. எஃப்310 லாமினேட், எஃப்ஜி800 சாலிட் டாப்.

சாலிட் டாப் நல்ல நாதம் தரும், வாசிக்க வாசிக்கப் பழுக்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் ஈரத்துக்கு முதலில் அசைவதும் அதுதான். ரப்பர் தோட்டத்து வீட்டில் இருந்துகொண்டு, ஞாயிறு ஆராதனைக்கு பைக்கில் மழையில் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு முதல் கிட்டாராக லாமினேட்டையே நான் சொல்வேன். கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினால் பிதுக்கட்டும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவை எல்லாம் ஸ்டீல் தந்திக் கிட்டார் கிடையாது. கழுத்து அகலமாக, தலைப்பகுதியில் இரண்டு நீளத் துளைகளோடு, மூன்று நைலான் தந்தியோடு இருந்தால் அது கிளாசிக்கல். "சத்தம் பத்தல" என்று அதில் ஸ்டீல் தந்தி மாட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டீல் லைட் செட் ஒன்றின் மொத்த இழுவை 70 கிலோவுக்கு மேல். கிளாசிக்கல் கிட்டாரின் மேல்பலகை அதற்காகச் செய்ததல்ல. தந்திகள் மாட்டியிருக்கும் மரக்கட்டையான பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வரும்.

பார்க்கப் போகும்போது

கையில் கொண்டுபோக வேண்டியவை: அரை மில்லிமீட்டர் கோடுள்ள ஸ்டீல் ஸ்கேல், கிட்டாரின் கழுத்து நீளத்துக்கு ஒரு நேரான நீள ஸ்கேல், ஒரு விசிட்டிங் கார்டும் மெல்லிய காகிதத் துண்டும், உள்ளே விட்டுப் பார்க்கச் சின்னக் கண்ணாடி, போனில் டார்ச்சும் ட்யூனர் ஆப்பும். கேப்போ, அதாவது தந்திகளைக் கழுத்தோடு அழுத்திப் பிடிக்கும் கிளிப், இருந்தால் நல்லது. பைக் ஒர்க்‌ஷாப்பில் டாப்பெட் அட்ஜஸ்ட் செய்ய வைத்திருக்கும் ஃபில்லர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஒருநாள் இரவல் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

குழித்துறைப் பக்கத்து வீடு ஒன்றில் நடந்ததை அப்படியே சொல்கிறேன், வரிசை புரியும். வீட்டு அம்மா பெட்டியைத் தூசு தட்டிக் கொண்டுவந்து வைத்தார். "மக்களே, எனக்க மவன் சார்ஜாயில இருந்து கொண்டுவந்தது. ஒரு கேடும் கிடையாது. அவன் இப்ப வாசிக்கதே இல்ல." பெட்டியைத் திறந்ததும் பூசண வாடை. தந்தி எல்லாம் துருப்பிடித்துப் பழுப்பேறியிருந்தது. கூட வந்த பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. தந்திக்காக முகம் சுருங்க வேண்டியதில்லை, அது எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

முதலில் பிரிட்ஜ். தந்திகள் மாட்டியிருக்கும் அந்த மரக்கட்டைக்கும் மேல்பலகைக்கும் நடுவே, பின்பக்க விளிம்பில், காகிதத் துண்டை மெல்லத் தள்ளிப் பாருங்கள். நுழையவே இல்லையென்றால் நிம்மதி. விளிம்பில் நகத்தளவு நுழைந்து நின்றால், பெயின்ட் ஓரமாக இருக்கலாம், விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம். விசிட்டிங் கார்டே சர்ரென்று உள்ளே போனால் பிரிட்ஜ் எழும்பிவிட்டது. கழற்றி ஒட்ட வேண்டும். அந்த வீட்டுக் கிட்டாரில் காகிதம் ஒரு மூலையில் மட்டும் தொட்டு நின்றது. பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை லேசாக மேடு தட்டியிருந்தது. அவ்வளவு பெரிய இழுவையைத் தாங்குகிற பலகையில் சின்ன மேடு இயல்பு. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் தொப்பை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

அடுத்து, கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், பன்னிரண்டாவதின் மேல்முனையிலிருந்து தந்தியின் அடிவரை அளவெடுங்கள். தடித்த ஆறாவது தந்தியில் 2.4 முதல் 2.8 மில்லிமீட்டர், மெல்லிய முதல் தந்தியில் 2 மில்லிமீட்டர் சுமார் என்றால் வாசிக்கச் சுகமாக இருக்கும். நாம் பார்த்ததில் ஆறாவது தந்தி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. இங்கேதான் நிதானம் வேண்டும். உடனே சேடிலைப் பாருங்கள், அதாவது பிரிட்ஜுக்கு மேலே நிற்கும் வெள்ளைப் பட்டை. அது பிரிட்ஜுக்கு மேலே தாராளமாக எழுந்து நின்றால் தேய்த்துக் குறைக்க இடமிருக்கிறது. தந்தியும் உயரம், சேடிலும் ஏற்கெனவே தேய்ந்து பிரிட்ஜோடு பிரிட்ஜாகக் கிடக்கிறது என்றால், கழுத்தின் கோணமே மாறியிருக்கிறது. கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்தும் நெக் ரீசெட் வேலை அது. முதல் கிட்டாருக்கு அந்தச் செலவு கட்டாது. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இதை உறுதிப்படுத்த நீள ஸ்கேலை ஃப்ரெட்டுகளின் மேல் கழுத்தோடு நடுவில் வையுங்கள். அதன் முனை பிரிட்ஜ் மரத்தின் மேல்விளிம்பில் வந்து உட்கார வேண்டும், அல்லது துளி மேலே போக வேண்டும். பிரிட்ஜின் நெற்றியில் நன்றாகக் கீழே போய் இடித்தால் மேலே சொன்ன அதே நோய்.

பிறகு ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி வாசித்துப் பாருங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நரநரத்தால் அந்த ஃப்ரெட் தேய்ந்தோ அடுத்த ஃப்ரெட் எழும்பியோ இருக்கும். மேல்பலகையை விரல் கணுவால் ஆங்காங்கே தட்டுங்கள். உள்ளே ஏதோ ஆடுகிற மாதிரி சத்தம் வந்தால், கண்ணாடியை உள்ளே விட்டுத் தாங்குகட்டைகளைப் பாருங்கள். ஒன்று ஒட்டு விட்டிருக்கலாம். அது சின்ன வேலை. தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தில் பின்பக்கம் மயிர்க்கோடு மாதிரி விரிசல் இருந்தால் அது பெரிய வேலை.

கல்ஃப் கிட்டாருக்கென்றே ஒரு விசேஷம் உண்டு. அங்கே வருஷக்கணக்காக ஏசி அறையில் கிடந்திருக்கும். காய்ந்த மரம் சுருங்கும்போது மேல்பலகையில் விரிசல் விழும். அதே கிட்டார் நம்மூருக்கு வந்து ஒரு மழைக்காலத்தைக் குடித்ததும் மரம் விரிந்து விரிசல் மூடிக்கொள்ளும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே டார்ச்சைக் கிட்டாருக்குள் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். மறுபடி டார்ச்சை வெளியே சாய்த்துப் பிடித்துப் பாலிஷில் ரேகை முறிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மாசி, பங்குனியில் வாங்குங்கள். காற்று காய்ந்திருக்கும் அந்த நேரத்தில் மறைந்த விரிசல் வெளியே வரும். ஆடியில் வாங்கினால் தந்தி உயரத்தைக் காட்டி விலை குறைக்கலாம். எது வசதியோ.

பெரிய பெயர் போட்ட கிட்டார் நம்ப முடியாத மலிவில் வந்தால் போலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மார்ட்டின், டெய்லர் பெயரில் போலிகள் ஏராளம். சீரியல் எண்ணைக் கம்பெனியிடமே கேட்டுச் சரிபார்க்கலாம். இன்னொன்று, இந்த இரண்டு கம்பெனிகளும் தரும் வாரண்டி முதலில் வாங்கியவரோடு முடிந்துவிடும். "வாரண்டி கார்டு இருக்கு" என்பதற்காக விலை ஏற்றிக் கொடுக்காதீர்கள்.

மாமா மகன் கொண்டுவருகிறான் என்றால்

கடை பில்லைக் கிட்டாரோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரும் வரம்பு 2016 பேகேஜ் விதிகளில் 50,000 ரூபாயாக வைக்கப்பட்டது. புறப்படும் நாளில் நடப்பு வரம்பு என்னவென்று பார்த்துக்கொள்வது நல்லது. ரோஸ்வுட் பற்றிப் பயப்பட வேண்டாம். 2017 ஜனவரியில் வந்த சர்வதேசக் கட்டுப்பாட்டிலிருந்து, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கொடுத்துவிட்டார்கள். பழைய பிரேசில் ரோஸ்வுட் கிட்டார் மட்டும் வேறு கதை, அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். மற்றபடி லேபிளில் "இந்தியன் ரோஸ்வுட்" என்று போட்டிருந்தால் அது நம்ம ஈட்டி மரம்தான். இந்தியக் காடுகளில் வெட்டின மரம் கடல் கடந்து போய்க் கிட்டாராகித் திரும்ப வருகிறது.

பேக்கிங்தான் முக்கியம். தந்திகளை முழுக்கக் கழற்றாமல், ஒன்றிரண்டு சுரம் இறங்கும் அளவுக்குத் தளர்த்தினால் போதும். பெட்டிக்குள் தலைப்பகுதியின் முன்னும் பின்னும் துணி திணித்து ஆடாமல் செய்ய வேண்டும். பெட்டி நேராக விழுந்தால் முதலில் ஒடிவது அந்த இடம். திருவனந்தபுரத்தில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் உடனே திறக்காதீர்கள். சில மணி நேரம் மூடியே கிடக்கட்டும், மரம் நம்மூர்ச் சூட்டுக்குப் பழகிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்ததும்

பழுது பார்க்க ஓடாதீர்கள். முதலில் காய வையுங்கள். வெயிலில் காய வைக்கச் சொல்லவில்லை, அது கொலை. ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்றும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் வாங்கிப் பெட்டிக்குள் போட்டு மூடி வையுங்கள். அதில் எண் 55 பக்கம் இறங்கியதும் பொட்டலத்தைக் குறைத்துவிடுங்கள். 40-க்குக் கீழே போனால் அதுவும் கேடு. பெட்டியைத் தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ வைக்கக் கூடாது. சர்ச் வளாகத்தில் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப் போகவும் கூடாது, சூட்டில் பசை இளகும்.

இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி அளவெடுங்கள். குழித்துறைக் கிட்டாரின் 4 மில்லிமீட்டர் 3-க்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. இறங்கிய அளவு ஈரம். மீதிதான் வேலை.

புதுத் தந்தி போடும்போது 12 செட்டுக்குப் பதில் 11 செட் போடுங்கள், அதாவது முதல் தந்தி 0.011 அங்குலம். இழுவை குறையும், புது விரலுக்கும் இதம். கடலோரத்தில் இருப்பவர்கள் எலிக்சர் மாதிரி மேற்பூச்சு உள்ள தந்திக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசு வீண் போகாது. ஃப்ரெட்டுகள் பதித்த பலகையான ஃபிங்கர்போர்டைத் துடைக்கத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். வீட்டில் கைக்கு எட்டுவது அதுதான், தெரியும். அது மரத்தில் பிசுக்காக நின்று தூசியைப் பிடித்துவைக்கும். கடையில் கிடைக்கும் ஃபிங்கர்போர்டு ஆயில் சில சொட்டு, வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும்.

நீங்களே செய்யக்கூடியவை

வரிசை மாறக் கூடாது: முதலில் கழுத்து, பிறகு நட் (கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகள் உட்காரும் குழிப்பட்டை), கடைசியில் சேடில்.

கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி இருக்கிறது. தந்தியைச் சரியான சுருதிக்கு ஏற்றிவிட்டு, முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டில் ஆறாவது தந்தியை அழுத்துங்கள். ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். ஃபில்லர் கேஜ் இதற்குத்தான். அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடின் முனையில் ஆலன் கீயை (அறுகோணச் சாவி) விட்டு வலஞ்சுழியாகக் கால் சுற்று இறுக்குங்கள், இடைவெளியே இல்லையென்றால் இடஞ்சுழியாகக் கால் சுற்று தளர்த்துங்கள். மறுபடி சுருதி சேர்த்து, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் அளவெடுங்கள். கீ சரியாகப் பொருந்தாமல் வழுக்கினாலோ, கால் சுற்றுக்கே முரண்டு பிடித்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நட்டைப் பார்க்க, மூன்றாவது ஃப்ரெட்டுக்கு முன்னால் தந்தியை அழுத்தி முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள். மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும். ஒன்றுமே இல்லாமல் ஒட்டிக் கிடந்து, அழுத்தாமல் வாசிக்கும்போது மட்டும் நரநரத்தால் நட் குழி ஆழமாகிவிட்டது. ஆப்பசோடாவைத் துளி குழியில் வைத்து ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டால் கல்லாகிவிடும், பிறகு மெல்லிய அரத்தால் குழியைத் திருத்தலாம். சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டுச் செய்யுங்கள். இது தற்காலிகம்தான், எலும்பில் புது நட் போடுவதே சரி.

சேடிலைக் குறைப்பது கணக்கு வேலை. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்க வேண்டுமென்றால் சேடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். சேடிலை உருவி, அடிப்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடித் தகட்டின் மேல் ஒட்டிய உப்புத்தாளில் நேராக நிறுத்தித் தேயுங்கள். அடி சாய்ந்துவிட்டால், பிக்கப் (ஸ்பீக்கருக்குச் சத்தம் அனுப்பும் கருவி) உள்ள கிட்டாரில் ஒரு தந்தி கத்தும், இன்னொன்று ஊமையாகும். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி மாட்டிப் பாருங்கள். மழைக்காலத்து அளவுக்குத் தேய்த்தால் பங்குனியில் தந்தி ஃப்ரெட்டில் அடிக்கும். அதற்குத்தான் காய வைத்த பிறகு தேய்க்கச் சொன்னேன். குழித்துறைக் கிட்டாருக்கு அந்த ஒரு சேடில் வேலைதான் பாக்கி இருந்தது.

பிக்கப் உள்ளதென்றால் 9 வோல்ட் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பழைய பேட்டரி கசிந்து செம்புக் காலில் பச்சை பிடித்திருக்கும். சுரண்டித் துடைத்தாலே பல "ஒர்க் ஆகாத" பிக்கப்புகள் பேசும்.

கையை வைக்கக் கூடாதது

எழும்பின பிரிட்ஜ். நல்ல எண்ணத்தோடு வீட்டில் கெடுப்பது பெரும்பாலும் இதைத்தான். இடுக்கில் ஃபெவிக்விக்கை ஊற்றுவார்கள், எம்-சீல் அப்புவார்கள், ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு ஸ்க்ரூ முடுக்குவார்கள். கதவு, ஜன்னல் செய்கிற ஆசாரியின் கைத்திறமையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவர் அசையாத மரத்துக்குப் பழகினவர், இதுவோ மூன்று மில்லிமீட்டர்கூடக் கனமில்லாமல் அதிர்ந்துகொண்டே இருக்கிற பலகை. சரியான முறையில், பிரிட்ஜைச் சூடுபடுத்தி மெல்லிய தகட்டால் முழுக்கக் கழற்றி, பழைய பசையை மரம் தெரியச் சுரண்டி, மரவேலைப் பசை போட்டு, கிளாம்ப் மாட்டி ஒரு நாளாவது அசைக்காமல் வைப்பார்கள். பாறசாலைப் பக்கம் கிட்டார் பழுது பார்க்கும் ஒரு சேட்டன், கிட்டாரைக் கையில் வாங்கியதும் மோந்துதான் பார்ப்பார். "மோனே, ஃபெவிக்விக் இட்டிருந்தா இப்பவே சொல்லு, பாதி வேலை அதை எடுக்கதுதான்."

ஃப்ரெட் சமன் செய்வதும், கழுத்து கழற்றுவதும், தலைப்பகுதி ஒட்டுவதும் அந்தப் பட்டியலில் சேரும்.

பழுது பார்ப்பவரைக் கொயர் மாஸ்டர்களிடம் விசாரியுங்கள், கடை போர்டைப் பார்த்துப் போகாதீர்கள். கொடுக்கும் முன்பு பிரிட்ஜ், சேடில், லேபிள், சீரியல் எண் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். என்ன வேலை, எவ்வளவு காசு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். "ஆக்‌ஷன் குறைச்சுக் கொடுங்க அண்ணே" என்று தந்தி உயரத்தைக் குறைக்க வாயால் சொன்னால் அவர் விரலுக்குத் தோதாகக் குறைப்பார். பிரிட்ஜ் ஒட்டின கிட்டார் என்றால் வாங்கும்போதே சுருதி ஏற்றி, அங்கேயே ஒரு நாள் வைத்திருக்கச் சொல்லுங்கள். மறுநாள் போய்க் காகிதத் துண்டை அதே மூலையில் தள்ளிப் பார்த்துவிட்டு மீதிக் காசைக் கொடுங்கள்.